இடமிருந்து வலம் ஏழு

மூன்று மணிக்கு வேன் வருவதாக ஏற்பாடு.

கோவிந்தராசுவைத் திருக்கனூருக்கு, மச்சான் காத்தவராயன் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று மகன் பலராமன் சென்ற வாரம் சொன்னபோது, வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மனைவி செல்வாம்பாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மகள் சுலோசனா டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்கக் கடலூரிலிருந்து வருகிறார்கள். முதலியார்பேட்டையில் அந்த வீட்டுக்கு இருந்தது ஒரே ஒரு முன்னறை. அதில் மூன்று மாதமாகக் கோவிந்தராசுவின் இரும்புக் கட்டில் கிடந்தது.

மில்லில் தறிக்குப் பக்கத்தில் நின்றபடியே விழுந்தவர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விளங்காமல் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பேச்சு திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது, நாம் பேசுவது அவருக்கு எவ்வளவு புரிகிறது என்றும் தெரியாது என்றுதான் டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது, அவருக்கு ஒன்றும் புரியாது என்று ஆகிவிட்டது.

காலையில் சுலோசனா அப்பாவின் வேட்டி, துண்டுகளை மடித்துப் பையில் வைத்தாள். பலராமன் ஏழு மணி பஸ்ஸிலேயே மாமாவை அழைத்துவரப் போய்விட்டான்.

பத்து மணிக்கு வாசலில் இரண்டு சைக்கிள்கள் வந்து நின்றன. தேவதாசும் பக்கிரியும்.

தேவதாஸ் மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், பிறப்பு, இறப்புப் பதிவு எழுதும் குமாஸ்தா. சர்ச்சில் எட்டு மணிப் பூசை முடிந்து நேராக வந்திருந்தார். வழியில் வாங்கிய நீட்டு ரொட்டி சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கிய பையிலிருந்து தலைநீட்டியது. பக்கிரி பஸ் கண்டக்டர். இருவரும் கோவிந்தராசுவும் ஒன்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் ரெட்டியார்பாளையத்தில் ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் கூடி, பத்திரிகையின் ஞாயிறு மலரில் வரும் குறுக்கெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தவர்கள்.

அது நேரடியாக அர்த்தம் கேட்கிற குறுக்கெழுத்து அல்ல. குறிப்பில் ஒரு பாதி சொல்லின் பொருளைச் சொல்லும். மறுபாதி அதே சொல்லை உடைத்தோ ஒட்டியோ ஆளைச் சுற்றவிடும். இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால்தான் விடை. மூவரில் கோவிந்தராசுதான் கறார். யாராவது விடை சொன்னால், "பொருந்துது, சரி. ஏன் பொருந்துது, அதச் சொல்லு" என்பார். சொல்லாதவரை பென்சிலைத் தொடவிடமாட்டார்.

இன்றைக்கு அவர்கள் குறுக்கெழுத்துக்காக வரவில்லை. ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்கள். படுக்கையில் விழுந்தவரைப் பார்க்க வந்த ஆண்கள் என்ன பேசுவார்கள். மழை இன்னும் பிடிக்கவில்லை என்றார் தேவதாஸ். பக்கிரி ஆமாம் என்றான். செல்வாம்பாள் காப்பி கொடுத்தாள். குடித்தார்கள். பக்கிரி கட்டிலின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனதால்தான், தேவதாஸ் கக்கத்திலிருந்த ஞாயிறு மலரை எடுத்து நாலாக மடித்து மடியில் வைத்தார்.

"போட்டுட்டுப் போவமா?" என்று கேட்டார். பக்கிரியைப் பார்த்துத்தான் கேட்டார்.

சுலோசனாவும் ஒரு மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளும் அரைகுறையாகப் போடுவாள். அப்பா ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்து, போட முடியாமல் நின்ற ஒன்றிரண்டு குறிப்புகளைச் சாப்பாட்டின்போது அவளிடம் எடுத்துவிடுவார்.

முதல் குறிப்பு அவளுக்கே கிடைத்தது. 'பல உறைப்பு சேர்ந்தாலும் இனிக்கலாம்', ஐந்து எழுத்து. பல, காரம். பலகாரம். தேவதாஸ் மெச்சிக்கொண்டே எழுதினார்.

அடுத்தது, 'கடலையின் தலையைக் கிள்ளி விதைக்கு முன் வைத்தால் பாடலாம்', மூன்று எழுத்து. பாடலாம் என்று இருப்பதால் பாட்டு என்றான் பக்கிரி. மூன்று எழுத்து சரியாக இருந்தது.

கட்டில் சட்டத்தில் டக் டக் என்று சத்தம் கேட்டது. கோவிந்தராசுவின் இடது கை ஆட்காட்டி விரல். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துச் சுலோசனா ஒரு ஸ்பூன் தண்ணீரை வாயருகே கொண்டுபோனாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. துடைத்துவிட்டாள்.

பாட்டு என்று வைத்தால் கடலையும் விதையும் எங்கே போயின என்று தேவதாஸ் கேட்டார். கடலையின் தலை க. அதை விதைக்கு முன் வைத்தால் கவிதை. பாடல் ஆம்.

விரல் ஒரு முறை தட்டியது.

சுலோசனா அதைப் பார்த்தாள். கை தானாக நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நடுங்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

மேலிருந்து கீழ் ஒன்றைப் பக்கிரி கணத்தில் பிடித்தான். 'முட்டையின் உள்ளிருப்பது வதங்கினால் தெருவே மணக்கும்', நான்கு எழுத்து. கரு, வாடு. கருவாடு. அவனுடைய பஸ்ஸில் தினமும் அந்தக் கூடைகள் ஏறுகின்றன. அதில் தனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றான்.

அதன் பிறகு தேவதாஸ் இடமிருந்து வலம் ஆறைப் படித்தார். அடுத்து எட்டைப் படித்தார்.

ஏழாவதை விட்டுவிட்டதாகப் பக்கிரி சொன்னான். அப்புறம் பார்க்கலாம் என்றார் தேவதாஸ். பக்கிரி எட்டிப் பார்த்தான். பார்த்தவன் அவனும் பேசாமல் எட்டுக்குப் போனான்.

டக் டக். டக் டக்.

இந்த முறை நிற்கவில்லை. விரல் இரும்புச் சட்டத்தை விடாமல் தட்டியது. கோவிந்தராசு கண்ணை மடித்த பேப்பரின் மேலேயே வைத்திருந்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. செல்வாம்பாள் உள்ளேயிருந்து மூத்திரச் சட்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவர் அதைப் பார்த்ததும் இரண்டு தட்டு தட்டிவிட்டு மறுபடியும் பேப்பரைப் பார்த்தார்.

தேவதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ராசு," என்றார் மெதுவாக. "ஏழப் படிக்கணுமா?"

ஒரு தட்டு.

தேவதாஸ் நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டார். பதிவேட்டில் பெயர் கேட்டு எழுதுகிறவரின் நிதானம் அவர் குரலில் இருந்தது. "ஒரு தட்டுன்னா ஆமா. ரெண்டு தட்டுன்னா இல்ல. அப்படித்தான?"

ஒரு தட்டு.

இவன் பேர் காசிநாதனா என்று பக்கிரியைக் காட்டிக் கேட்டார். இரண்டு தட்டு. பக்கிரியா? ஒரு தட்டு. இன்றைக்குச் சனிக்கிழமையா? இரண்டு தட்டு. மூன்றாவது கேள்விக்கு விரலில் கொஞ்சம் சலிப்புகூடத் தெரிந்தது என்று பிற்பாடு பக்கிரி சொல்லுவான்.

தேவதாஸ் ஏழாவது குறிப்பைப் படித்தார். அதைப் படிக்க அவருக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் படித்தார்.

'பேச வழியில்லை, வீட்டுக்குள் போக வழியுண்டு', மூன்று எழுத்து.

யாரும் கோவிந்தராசுவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் இடது கையைத் தூக்கித் தெருக்கதவைக் காட்டினார். கதவு என்றாள் சுலோசனா. இரண்டு தட்டு. முதல் எழுத்து வா என்று கருவாட்டிலிருந்து கிடைத்திருக்கிறதே என்று பக்கிரிதான் கண்டுபிடித்தான். அப்படியானால் வாசல். மூன்று எழுத்து, வீட்டுக்குள் போகிற வழி, எல்லாம் சரி.

இரண்டு தட்டு.

"பொருந்துதே அண்ணே," என்றான் பக்கிரி.

இரண்டு தட்டு. கோவிந்தராசு கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சுக்கு மேல் கொண்டுவந்தார். இழுத்துக்கொண்டு கோணியிருந்த உதட்டை ஒரு விரலால் தொட்டார். தொட்டபடியே அவர்களைப் பார்த்தார். ஒருவர் முகத்திலிருந்து அடுத்தவர் முகத்துக்கு, வரிசையாக.

விடை தேவதாசுக்குத் தெரிந்துவிட்டது. அவரால் சொல்ல முடியவில்லை. சுலோசனாதான் சொன்னாள்.

"வாய். வாய் இல்." கொஞ்சம் நிறுத்தினாள். "வாயில்."

ஒரு தட்டு.

தேவதாஸ் கட்டத்தில் மூன்று எழுத்தையும் எழுதினார். பக்கிரி வாய்விட்டுச் சிரித்தான். ராசண்ணன் அப்படியேதான் இருக்கிறார், ஒரு மாற்றமும் இல்லை என்று சொல்லத் தொடங்கியவன், வாசற்படியருகே நின்ற செல்வாம்பாளைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அவள் கையில் சட்டி இருந்தது. கீழே வைக்கத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

சுலோசனா பின்னாலேயே போனாள். செல்வாம்பாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"எல்லாம் காதுல வுழுந்திருக்கு," என்றாள். "மூணு மாசமா."

அம்மா எதைச் சொல்கிறாள் என்று சுலோசனாவுக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்னால், அப்பாவைப் புரட்டித் துடைக்கும்போது அம்மாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கட்டிலைப் பிடித்தபடி நின்று, இப்படிக் கிடந்து சீரழிவதற்கு ஒரேயடியாகப் போய்விட்டால் அந்த மனுஷனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது என்றாள். அவர் தலைமாட்டிலேயே நின்று சொன்னாள். அன்று சுலோசனாவும் அங்கேதான் இருந்தாள். அவள் மறுக்கவில்லை.

அவள் சொன்னது வேறு; அது சென்ற வாரம். கடலூர்க்காரர்கள் வரும்போது முன்னறையில் இந்தக் கட்டில் கிடந்தால் அவர்களை எங்கே உட்காரவைப்பது, அந்த வாடைக்கு என்ன செய்வது என்று கேட்டது அவள்தான். அதையும் அவர் கால்மாட்டில் நின்றுதான் கேட்டாள். மெதுவாகப் பேச வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

முன்னறையில் குறுக்கெழுத்து தொடர்ந்தது. டக், டக் டக், பக்கிரியின் குரல், மறுபடி டக். இருவரும் தொட்டியருகே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு கட்டங்கள் மட்டும் பாக்கி இருந்தன. தேவதாஸ் எழுந்தார். ரொட்டியைச் செல்வாம்பாளிடம் கொடுத்தார். அடுத்த ஞாயிறு எங்கே வர வேண்டும், இங்கேயா திருக்கனூருக்கா என்று மட்டும் சொல்லி அனுப்பச் சொன்னார். எங்கே இருந்தாலும் வருவோம் என்றான் பக்கிரி. அதற்கு மேல் அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய உரிமை தங்களுக்கு இல்லை என்று நினைத்திருக்கலாம்.

அவர்கள் போனதும் செல்வாம்பாள் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். வழக்கமாகப் பக்கவாட்டில் நின்றுதான் ஊட்டுவாள். இன்று முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். ஒரு ஸ்பூன் எடுத்தாள். கிண்ணத்திலேயே வைத்துவிட்டாள்.

"அன்னிக்கி நான் சொன்னது காதுல வுழுந்துச்சா?"

ஒரு தட்டு.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என்ன சொன்னாள் என்று அவளும் சொல்லவில்லை, எதைக் கேட்கிறாள் என்று அவரும் தயங்கவில்லை. தெருவில் ஒரு பால்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

"கோவமா?" என்று கேட்டாள்.

சுலோசனா கதவருகே நின்றிருந்தாள். அப்பா இரண்டு தட்டுத் தட்டிவிடுவார் என்று எதிர்பார்த்தாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அம்மாவை அவர் அதிர்ந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு தட்டு. பலமான தட்டு.

செல்வாம்பாளின் தோள்கள் தளர்ந்தன. அந்த ஒரு தட்டில் அவளுக்கு ஏதோ ஒன்று திரும்பக் கிடைத்ததுபோல இருந்தது. மூன்று மாதமாக அந்த வீட்டில் ஒரு உடம்பு இருந்தது. கோபித்துக்கொள்ள ஆள் இல்லை.

"கோவப்படுங்க," என்றாள். "நல்லாக் கோவப்படுங்க. நான் சொன்னது தப்புதான். ஒடம்பு வலியில சொல்லிட்டேன். அதுக்காவ சொல்லலன்னு ஆயிடாது." ஸ்பூனை எடுத்தாள். "இப்ப வாயத் தெறங்க."

அவர் திறக்கவில்லை. அவள் ஸ்பூனை நீட்டியபடியே காத்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் திறந்தார். பாதிக் கிண்ணம் இறங்கியது. அதன் பிறகு, தன் தம்பி வீட்டுக்குப் போக அவருக்குச் சம்மதமா என்று கேட்டாள். இரண்டு தட்டு. இங்கேயே இருக்கிறீர்களா என்று மாற்றிக் கேட்டாள். ஒரு தட்டு. தவறுக்கு இடம் வைக்கக்கூடாது என்று இரண்டையும் திரும்ப ஒருமுறை கேட்டாள். பதில் மாறவில்லை.

சுலோசனா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் கேட்க வேண்டியது இருந்தது. கேட்கவில்லை. அப்பா அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

மூன்றே காலுக்கு வேன் வந்தது.

பலராமனும் காத்தவராயனும் உள்ளே வந்தார்கள். காத்தவராயன் நல்ல மனுஷர். அக்காவுக்காகத் தன் வீட்டில் காற்றோட்டமான அறையைக் காலிசெய்து, சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். அதையெல்லாம் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார். பலராமன் பை எங்கே என்று கேட்டான். கட்டிலைத் தூக்கத் தெருவிலிருந்து இரண்டு ஆள் வரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னான்.

"உங்கப்பா வரல," என்றாள் செல்வாம்பாள். "கேட்டாச்சு."

யாரிடம் கேட்டார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை. சுலோசனா காலையில் நடந்ததைச் சொன்னாள். பேப்பரைப் பற்றி, விரலைப் பற்றி, ஏழாவது குறிப்பைப் பற்றி. பலராமன் பாதி கேட்கும்போதே சிரித்தான். கை நடுக்கத்தை வைத்துக்கொண்டு தேவதாஸ் பெரியப்பா கதைகட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்றான். காத்தவராயன் சிரிக்கவில்லை. கட்டிலருகே போய்க் குனிந்தார். என்னைத் தெரிகிறதா மாமா என்று கேட்டார். ஒரு தட்டு. நான் உங்களுக்குத் தம்பி முறையா என்றார். இரண்டு தட்டு. மச்சானா? ஒரு தட்டு. அவர் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. வேன்காரனைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார். மனசு ஒப்பாத மனுஷனைத் தூக்கிக்கொண்டு போவது பாவம் என்றார்.

"அப்ப வெள்ளிக்கெழம?" என்றான் பலராமன்.

கட்டில் இங்கேயே இருக்கட்டும், வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றாள் சுலோசனா. அதைச் சொல்ல அவள் மத்தியானத்திலிருந்து தயாராகிக்கொண்டிருந்தாள். பார்த்துப் பிடிக்காவிட்டால் போகட்டும், மறைத்துக் கட்டிக்கொண்டு போய் அங்கே எத்தனை நாள் மறைப்பது என்றாள்.

பலராமன் சுவரில் சாய்ந்து நின்றான். அவன் முகத்தில் இருந்த எரிச்சல் மெல்லப் போய்விட்டது. அங்கே வந்தது வேறு ஒன்று. செல்வாம்பாள்தான் அதை முதலில் கவனித்தாள்.

"இன்னாடா?" என்றாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். போன புதன்கிழமை அவன் வேலை பார்க்கும் லாரி ஆபீசுக்கு மாப்பிள்ளையின் சித்தப்பா போன் பண்ணினார். அப்பா வந்து பேசுவாரா என்று கேட்டார். லைன் சரியாக இல்லை. இல்லை என்று மட்டும் சொன்னான். எப்போது தவறினார் என்று அவர் கேட்டார். உடனே மறுத்திருக்க வேண்டும். மறுக்காமல் விட்டுவிட்டான். அவர் ரொம்ப வருத்தப்பட்டார். தகப்பன் இல்லாத பெண், நாங்கள் எதையும் எதிர்பார்க்க மாட்டோம் என்றார். அதனால்தான் அவர்கள் இவ்வளவு சீக்கிரம் நாள் குறித்தார்கள்.

"என் நெத்தியில இருக்கற பொட்ட அவங்க பாக்க மாட்டாங்களாடா?" என்றாள் செல்வாம்பாள். கத்தவில்லை. கேட்டாள்.

அம்மாவைச் சமையல்கட்டிலேயே இருக்கச் சொல்லலாம், மாமா முன்னால் நின்று பேசட்டும் என்று நினைத்திருந்ததாக அவன் சொன்னான். சொல்லும்போதே அது எப்படி இருக்கிறது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. தனக்கு இதில் ஒன்றும் தெரியாது என்று காத்தவராயன் அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார்.

"நான் வேணும்னு சொல்லலம்மா," என்றான் பலராமன். "அப்பா இல்லன்னு அவங்களா எடுத்துக்கிட்டாங்க."

கட்டிலின் பக்கமிருந்து சத்தம் வந்தது. நான்கு பேரும் திரும்பினார்கள். கோவிந்தராசு கண்ணைத் திறந்து மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை விரல் இரும்புச் சட்டத்தின் மேல் இருந்தது.

அவசரமில்லாமல், நன்றாக இடைவெளி விட்டு, இரண்டு முறை தட்டினார்.